ஒரு முதுகும் ஐந்து நீலப் பொட்டலங்களும்

அன்பிலும் மரியாதையிலும் எனக்கு ஒருநாளும் குறைவைக்காத மச்சினர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதுவது. நானும் உங்கள் அக்காவும் ஆறு நாள் மலைநடையை முடித்துக்கொண்டு முந்தாநாள் மாலை சேதமில்லாமல் வந்து சேர்ந்தோம். 'நலம்' என்று எழுதாமல் 'சேதமில்லாமல்' என்று எழுதுவது முப்பத்து நான்கு வருஷம் பார்சல் அலுவலகத்தில் உட்கார்ந்த பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே உங்கள் வீட்டிலும் எல்லோரும் சேதமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தின் நோக்கம் ஒன்றே ஒன்றுதான், நன்றி சொல்வது. நீங்கள் இல்லாவிட்டால் எனக்குச் சரியான முதுகுப் பை கிடைத்திருக்காது. பை இல்லாவிட்டால் நான் போயிருக்க மாட்டேன். நான் போகாவிட்டால் உங்கள் அக்கா நான் இல்லாமலேயே போயிருப்பாள்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை, கல்யாணமான வருஷத்திலிருந்து அவளுக்கு அந்த மலைப்பாதையின் மேல் ஒரு கண். வருஷா வருஷம் கேட்பாள். நானும் வருஷா வருஷம் "இப்போ பார்சல் குவிஞ்சு கிடக்கு, அடுத்த வருஷம் பார்ப்போம்" என்பேன். பார்சல் குவியாத வருஷம் என்று ஒன்று கிடையாது என்பது அவளுக்கும் தெரியும். பிறகு நான் ஓய்வு பெற ஒரு வாரம் இருக்கும்போது, யாரோ யாருக்கோ அனுப்பிய தையல் மெஷினைத் தனியாளாகத் தூக்கப்போய் முதுகு பிடித்துக்கொண்டது. ஆறு வாரம் படுக்கை. ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸாக நின்ற கால்களைக் கொஞ்சம் நீட்டலாம் என்று வீட்டுக்கு வந்தவளுக்கு வீட்டிலேயே ஒரு நோயாளி. இந்த வருஷம் அவள் என்னைக் கேட்கவே இல்லை. பழைய வார்டு சிநேகிதிகள் மூன்று பேரோடு பெயர் கொடுத்துவிட்டு வந்து, துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க வந்தா சந்தோஷம். வரலைன்னாலும் நான் போறேன்." குரலில் கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். கோபமே இல்லை, மச்சினரே. அதுதான் பயமாகப் போய்விட்டது.

டாக்டரிடம் ஓடினேன், அவளும் கூட வந்தாள். அவர் என் முதுகை நாலு இடத்தில் அழுத்திப் பார்த்துவிட்டு, "தாராளமா நடங்க. ஆனா அஞ்சாறு கிலோவுக்கு மேல தூக்கக் கூடாது. அதுவும் தோள்ல தொங்கக் கூடாது, இடுப்புல உக்காரணும்" என்றார். அஞ்சாறு கிலோ என்பதைக் காதில் வாங்கினேனோ இல்லையோ, 'தாராளமா' என்பதை நன்றாக வாங்கிக்கொண்டேன். நேராகக் கடைத்தெருவுக்குப் போய், இருப்பதிலேயே பெரிய பையாக ஒன்றை வாங்கிவந்தேன். எண்பது லிட்டர், இருபத்திரண்டு ஜிப். பார்சல் அலுவலகத்தில் காலி இடம் விட்டு மூட்டை கட்டுவது அவமானம். உள்ளே ஆட்டம் கொடுக்கும், சாமான் உடையும். ஆகவே எண்பது லிட்டரையும் நிரப்பினேன். ஏழு சட்டை, இரண்டு ஜோடி செருப்பு, குடை, மடக்கு நாற்காலி, அலாரம் கடிகாரம், அப்புறமும் இடம் இருந்ததால் ஒரு தலையணை. என் மூக்குக் கண்ணாடி இருபத்திரண்டில் ஏதோ ஒரு ஜிப்புக்குள் போய்விட்டது. இரண்டு நாள் செய்தித்தாளில் கொட்டை எழுத்துகளை மட்டும் படித்தே உலக நடப்பைத் தெரிந்துகொண்டேன். அதெல்லாம் பிறகு. முதலில் கட்டிலில் உட்கார்ந்து வாருக்குள் கையை நுழைத்து எழுந்தேன். அதாவது, நான் எழுந்திருக்க நினைத்தேன், பை படுத்துக்கொள்ள நினைத்தது, பை நினைத்ததுதான் நடந்தது. மல்லாத்திப் போட்ட ஆமை மாதிரி கையையும் காலையும் ஆட்டிக்கொண்டு கிடந்தேன். உங்கள் அக்கா வாசலில் வந்து நின்று, வார்டில் கேட்கிற அதே நிதானத்தோடு, "எந்திரிக்க முடியலையா, இல்ல கொஞ்ச நேரம் இப்படியே இருக்கீங்களா?" என்று கேட்டாள். இப்படியே இருக்கிறேன் என்றேன். ஆண்பிள்ளை வேறென்ன சொல்வது?

அன்றைக்குத்தான் உங்களுக்குப் போன் செய்தேன். வருஷத்துக்கு இரண்டு மலை ஏறுகிற நீங்கள் சிரிக்காமல் கேட்டீர்கள். அதற்கே முதல் நன்றி. "அத்தான், லிட்டரை விடுங்க, முதுகு எவ்வளவு நீளம்னு பாருங்க. உங்க அளவை அனுப்பி வையுங்க" என்றீர்கள். நானும் இஞ்ச் டேப்பை எடுத்து, எனக்குத் தெரிந்த முறையில், நீளம், அகலம், கனம், வயிற்றின் மேல் சுற்றளவு, மொத்த எடை எல்லாம் எடுத்து அனுப்பினேன். உங்கள் பதில் இன்னும் என்னிடம் இருக்கிறது: "அத்தான், உங்களை நாங்க அனுப்பப்போறதில்ல, நீங்களே நடந்து போகப்போறீங்க." பிறகு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தீர்கள். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் முட்டிக்கொண்டு நிற்கிற எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரைக்கும் அளக்க வேண்டும், அதுதான் பைக்கு உண்டான முதுகு. கழுத்தெலும்பு உடனே கிடைத்தது. இடுப்பெலும்பைத்தான் காணோம். இருக்கவேண்டிய இடத்தில் எல்லாம் தேடினேன். எனக்கு அப்படி ஒன்று இல்லவே இல்லை என்ற முடிவுக்கு வரப்போகிற நேரத்தில் உங்கள் அக்கா அடுக்களையிலிருந்து வந்து, ஒற்றை விரலை வைத்து, "இந்தா, இங்க இருக்கு, எங்கயும் போகலை" என்றாள். ஐம்பது சென்டிமீட்டர்.

நீங்கள் சொல்லிவைத்த கடைக்கே போனோம். வேறு கடையில் வாங்கிய அந்தப் பெரிய பையைக்கூட அவர்கள் மறுபேச்சில்லாமல் எடுத்து வைத்துவிட்டு வேறு காட்டினார்கள் என்றால் அதுவும் உங்கள் முகத்துக்காகத்தான். அந்தக் கடைக்காரப் பெண்ணைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம். நான் அழகான பச்சைப் பை ஒன்றைத் தொட்டேன், கையை எடுக்கச் சொன்னாள். "நிறம் கடைசியில பார்த்துக்கலாம் சார், முதல்ல உங்க முதுகு எதுக்குச் சம்மதிக்குதுன்னு பார்ப்போம்." ஒரு பைக்குள் மணல் மூட்டைகளை வைத்து என் முதுகில் ஏற்றினாள். இடுப்புப் பட்டையை நான் என் வழக்கப்படி தொப்புளுக்கு மேலே கட்ட, அவள் அவிழ்த்து எலும்பின் மேல் உட்காரவைத்து இழுத்தாள். "பாரத்துல முக்கால்வாசி இங்கதான் இறங்கணும். தோள் வார் சும்மா பை பின்னால சாயாம பிடிச்சுக்கத்தான்." பிறகு தோளுக்கு மேலே இருந்த குட்டி வாரைச் சுண்டி இழுத்தாள். அந்த நிமிஷத்தில், மச்சினரே, யாரோ பின்னாலிருந்து பையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தது போல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. கண் கலங்கிவிட்டது. ஆறு வாரம் படுத்துக் கிடந்தவனுக்குத்தான் அது புரியும்.

ஆனால் அவள் விடவில்லை. "இருபது நிமிஷம் மாடிப்படி ஏறி இறங்கிட்டு வாங்க சார். எங்கயாவது உறுத்துச்சுன்னா இது உங்க பை இல்ல" என்று அனுப்பினாள். அது மூன்று மாடிக் கட்டடம். மூன்றாவது மாடியில் மூச்சு வாங்கியது. எதிரே நாலைந்து நாற்காலி போட்டிருந்தது, உட்கார்ந்தேன். என் பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். கடைசியில் "அடுத்து நீங்கதான், வாங்க" என்று ஒரு நர்ஸம்மா என் கையைப் பிடித்தாள். பையோடு உள்ளே போனேன். அது கண் மருத்துவமனை. நர்ஸ் சொன்னால் மறுக்காமல் கேட்டே பழகியவன் நான். டாக்டர் ஒரு கண்ணை மூடச் சொன்னார், மூடினேன். எழுத்துகளைப் படிக்கச் சொன்னார், படித்தேன். "இந்த வயசுல இவ்வளவு தெளிவான பார்வையா? ஒண்ணு ரெண்டாத் தெரியுதா?" என்றார். இல்லை என்றேன். என் கண்ணாடியே போதும், குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொடுத்து அனுப்பினார். இறங்கிவந்தால் கடைக்காரப் பெண் கடிகாரத்தைப் பார்த்து, "நாற்பது நிமிஷம் ஆச்சு. உறுத்துதா?" என்றாள். நான் பையை மறந்தே போயிருந்தேன். "அப்போ இதுதான் சார் உங்க பை" என்று முடித்துவிட்டாள். நாற்பத்தைந்து லிட்டர், சாம்பல் நிறம், ஆறே ஆறு அறை. உங்கள் அக்காவுக்கும் ஒன்று பார்க்கலாமா என்று கேட்டேன். "எனக்கு எதுக்கு, ஆஸ்பத்திரியில கேம்ப் போறப்ப தூக்கின பை இருக்கே, அது போதும்" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன்.

ஒரு வாரம் வீட்டிலேயே பாரத்தோடு நடந்து பழகச் சொல்லியிருந்தார்கள். பழைய செய்தித்தாளை அடுக்கிக்கொண்டு தினமும் காலையும் மாலையும் தெருவில் நடந்தேன். மூன்றாம் நாள் கீழ்வீட்டுக் கணக்கு வாத்தியார் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்த் தோளில் கைவைத்தார். "உங்க வீட்டம்மா கொஞ்சம் கண்டிப்புத்தான், ஒத்துக்கிறேன். அதுக்காக இந்த வயசுல பையைத் தூக்கிட்டுக் கிளம்பலாமா? தினமும் கிளம்புறீங்க, தினமும் திரும்பிடுறீங்க, அதுலயே தெரியுது உங்களுக்குப் போக மனசில்லைன்னு" என்றார். நான் எவ்வளவோ விளக்கினேன். அவர் காதில் ஏறவில்லை. மாலையில் அவரும் அவர் மனைவியும் சமாதானம் பேச வந்து, டீ குடித்து, உங்கள் அக்காவுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள். அவளும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு, "இனிமே இவரை நல்லபடியா வெச்சுக்கிறேங்க" என்றாள். கதவைச் சாத்தியபிறகு சிரித்த சிரிப்பு அவர்கள் வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

இனி நடந்த கதை. கிளம்பின அன்றைக்கு எனக்கு இருந்த ஒரே கவலை, பாதியில் முதுகு காலை வாரிவிட்டு, என்னால் அவளும் திரும்ப வேண்டிவந்துவிடக் கூடாதே என்பதுதான். வழியில் இரவு தங்க விடுதிகள் உண்டு, சாப்பாடும் அங்கேயே. ஆகவே சுமை என்பது துணியும் தண்ணீரும்தான். ஆனால் முதல் நாள் ஏற்றத்திலேயே கவனித்தேன், உங்கள் அக்கா இரண்டு கட்டை விரலையும் தோள் வாருக்கு அடியில் கொடுத்துக்கொண்டு நடந்தாள். மறுநாள் காலை அவள் முகம் கழுவப் போன சமயம் அவளுடைய பையைத் திறந்து பார்த்தேன். மேலேயே ஒரு நீலப் பொட்டலம். ரெக்சின் துணியில் சுற்றி, கயிறு கட்டி, ஸ்பிரிட் வாசனையோடு. முதலுதவிச் சாமான். கையில் தூக்கினாலே எடை சொல்கிறவன் நான். இரண்டு கிலோவுக்கு ஐம்பது கிராம் கூட. சத்தமில்லாமல் எடுத்து என் பையின் அடி அறையில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டேன். அவளிடம் சொன்னால் பிடுங்கிக்கொள்வாள். சொல்லவில்லை. தண்ணீர் பாட்டில்களை நிரப்பிக்கொண்டு வந்து, பையை மாட்டிக்கொண்டு நடந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கூடுதல் பாரம் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. நீங்கள் வழிகாட்டி வாங்கிய பையின் மகிமை அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

அடுத்த நாள் காலையும் பார்க்கிறேன், அவள் பையில் மேலேயே இன்னொரு நீலப் பொட்டலம். அதே கயிறு, அதே முடிச்சு, அதே எடை. உங்கள் அக்காவைத்தான் தெரியுமே, எதையும் ஒன்றாக வாங்கமாட்டாள். அதை என் பையின் முன் அறையில் வைத்தேன். அதற்கடுத்த நாள் மூன்றாவது, இடப்பக்க அறையில். 'மூடின சரக்கைச் சேருமிடம் வரைக்கும் திறக்காதே' என்பது எங்கள் அலுவலகத்தின் முதல் விதி. ஆகவே வைத்த அறையை மறுபடி திறக்கவில்லை, அடுத்த பொட்டலத்துக்கு அடுத்த அறை. நடு அறையில் வைக்கவில்லை, எனக்குச் சட்டை எடுத்துத் தருவதற்கு அவள் திறப்பாள், கையும் களவுமாகப் பிடிபடுவேன். அந்த மூன்றாவது பொட்டல நாளில்தான், அவளுடைய சிநேகிதிகளில் மயக்க மருந்து கொடுக்கிற அக்கா, பேச்சாலேயே யாரையும் தூங்கவைத்துவிடுகிறவர், காலில் கொப்புளம் வந்து உட்கார்ந்துவிட்டார். உங்கள் அக்கா சட்டென்று தன் பையைத் திறந்து, ஒரு நீலப் பொட்டலத்தைப் பிரித்து, மருந்து போட்டுவிட்டாள். எனக்கு மலைப்பாக இருந்தது. மூன்றை நான் எடுத்த பிறகும் அவளிடம் நான்காவது ஒன்று இருக்கிறது என்றால், அந்தப் பையில் ஒரு வார்டையே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். மறுநாள் அதையும் எடுத்தேன். கடைசி நாள் கிளம்பும்போது ஐந்தாவது.

ஐந்து பொட்டலம், பத்து கிலோவுக்கு மேல். அதைச் சுமந்துகொண்டு நான் ஏறினேன், இறங்கினேன், ஓடையில் கல்லுக்குக் கல் தாண்டினேன். நாளாக ஆகப் பை கனப்பதற்குப் பதில் லேசாகிக்கொண்டே வந்தது. பாரம் இடுப்பில் உட்கார்ந்தால் பாரமே இல்லை என்று நீங்கள் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை உண்மை. வழியில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் பையைக் கழற்றிக் காட்டி, எலும்பைத் தொட்டுக் காட்டி விளக்கினேன். நான்காம் நாள் மதியம், உச்சியில், காற்று அள்ளிக்கொண்டு போகிற இடத்தில் உங்கள் அக்கா என் பக்கத்தில் நின்று, "இதை நீங்க பார்க்காம நான் மட்டும் பார்த்திருந்தா எனக்குப் பிடிச்சிருக்காது" என்றாள். முப்பத்தோரு வருஷத்தில் அவள் என்னிடம் இப்படிப் பேசினது இரண்டாவது தடவை. முதல் தடவை எது என்பது உங்களுக்கு வேண்டாம். மச்சினரே, அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் உங்களுக்கு ஆயுள் முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். உங்களுக்கும், அந்தக் கடைக்காரப் பெண்ணுக்கும், பையைத் தைத்த முகம் தெரியாத மனுஷருக்கும், கேட்காமலே என் கண்ணைப் பார்த்த டாக்டருக்கும், கணக்கு வாத்தியாருக்கும்கூட.

பை இன்னும் கூடத்து மூலையில் பிரிக்காமல் நிற்கிறது. இந்தக் கடிதத்தை எழுதி முடித்த கையோடு அதைத் திறந்து, ஐந்து பொட்டலத்தையும் மேசையில் வரிசையாக அடுக்கி, உங்கள் அக்காவைக் கூப்பிடப்போகிறேன். அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு நாளாக வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன். உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், குழந்தைகள் எங்கள் ஆசியோடு ஓடியாடி வளரட்டும். உங்கள் முதுகு என்றைக்கும் நிமிர்ந்திருக்கட்டும், நீங்கள் ஏறுகிற மலையெல்லாம் உங்களுக்கு வழிவிடட்டும்.

இப்படிக்கு,
நன்றி மறவாத
அத்தான்

பி.கு.: கடிதத்தை ஒட்டவில்லை, நல்லதாகப் போயிற்று. பையைத் திறந்தேன். அடி அறையில் காற்று. முன் அறையில் காற்று. இடப்பக்கம் ஒற்றைக் காலுறை. வலப்பக்கமும் மேல் மூடியும் காற்று. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. முப்பத்து நான்கு வருஷத்தில் ஒரு பார்சலைத் தொலைக்காதவன் ஐந்து நாளில் ஐந்தைத் தொலைத்துவிட்டேனே என்று உட்கார்ந்துவிட்டேன். துணி தேய்த்துக்கொண்டிருந்த உங்கள் அக்கா எட்டிப் பார்த்தாள். தன் பழைய பையை இழுத்து, அதிலிருந்து நீலப் பொட்டலத்தை எடுத்து நீட்டி, "இதையா தேடுறீங்க?" என்றாள். மீதி நாலு எங்கே என்றேன். "எந்த நாலு? என்கிட்ட எப்பவும் இது ஒண்ணுதான்." நான் காலையில் எடுத்து வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போவேன் அல்லவா, அந்தப் பத்து நிமிஷத்தில் அவள் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறாள். தினமும். போதாததற்கு இரண்டாம் நாளிலிருந்து என் கம்பளிச் சட்டையும் செருப்பும்கூட அவள் பையில்தான் வந்திருக்கின்றன. "டாக்டர் அஞ்சாறு கிலோன்னு சொன்னப்ப நானும்தானே பக்கத்துல நின்னேன்" என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீங்க திரும்பிப் போயிருப்பீங்க. எனக்கு நீங்க வரணும்னு இருந்துச்சு."

ஆகவே பையைப் பற்றி நான் மேலே எழுதிய புகழ்ச்சியை எல்லாம் அடித்துவிட்டு வாசிக்கவும். பை நல்ல பைதானா என்பது எனக்குத் தெரியாது, அதில் நான் ஒன்றையும் தூக்கவே இல்லை. கையால் எடை சொல்கிறவனுக்கு முதுகால் சொல்லத் தெரியவில்லை. நன்றியை மட்டும் அடிக்க வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும்.

அவள் குனிந்து பொட்டலத்தை வைக்கும்போது சட்டைக் கழுத்து விலகியது. இரண்டு தோளிலும் கயிறு மாதிரி சிவப்புத் தடம். அந்தப் பழைய பைக்கு இடுப்புப் பட்டையே கிடையாது, மச்சினரே. என் ஒரு முதுகுக்கு மூன்று வாரம் பை தேடினேன். அவள் 'போதும்' என்றதும் 'சரி' என்றேன். இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து அவளை நேராக நிற்கச் சொன்னேன். "என்ன, பார்சல்ல அனுப்பப்போறீங்களா?" என்றாள். இல்லை, நிமிர்ந்து நில் என்றேன். கழுத்தெலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரைக்கும் நாற்பத்து மூன்று. இரண்டு முறை அளந்துவிட்டேன். கடைக்காரப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், மணல் மூட்டைகளை எடுத்து வைக்கட்டும், நாளைக்கே வருகிறோம். உங்கள் அக்கா மாடிப்படி ஏறி இறங்கட்டும். நான் மூன்றாவது மாடிக்குப் போய், ஒன்று எனக்கு ஐந்தாகத் தெரிகிறது என்று அந்த டாக்டரிடம் சொல்லிவிட்டு வருகிறேன்.